கைக்கும் டயருக்கும் நடுவே: வழக்கமான ஃபோர்க் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு எந்த முன்னமைப்பு?

நண்பர் ஒருவரின் பட்டறையில் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று ஆறு மாதமாக மரப்பலகையின் மேல் கிடக்கிறது. பின் சக்கரம், அதை ஏந்தி மேலும் கீழும் ஆடும் கையான பின் ஸ்விங் ஆர்ம், டேங்க் எல்லாம் முடிவாகிவிட்டன. முன்பக்கம் மட்டும் முடிவாகவில்லை. எல்லா வண்டிகளிலும் இருக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் தன் வண்டியில் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று அவர் கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. பல வாரங்கள் வரைந்தும் கணக்கிட்டும் பார்த்த பிறகு எனக்குத் தெளிவானதை, இதே முடிவை எடுக்க வேண்டிய மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். ஒரே ஒரு வண்டியை, லேத்தும் வெல்டிங் மிஷினும் உள்ள சிறிய பட்டறையில் கட்டி, சாலையில் ஓட்ட விரும்புகிறவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு செய்யப்பட்டிருக்கிறது. பந்தய அணிக்கும் பெரிய தொழிற்சாலைக்கும் வேறு கணக்கு உண்டு.

டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை ஏன் விட வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் குறை எதுவென்று தெரியாமல் மாற்றைத் தேடினால் பழைய குறைக்குப் பதில் புதிய குறை வந்து சேரும். எண்ணெய்த் தணிப்புள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு உலகமே அதன் பின்னால் போயிற்று. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கும் அந்த எளிய அமைப்பு சக்கரத்தைத் தாங்குவது, திருப்புவது, மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது, பிரேக் விசையைச் சுமப்பது ஆகிய நான்கு வேலைகளையும் ஒரே உறுப்பின் மேல் ஏற்றுகிறது. குறைகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

ஓட்டுநரோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். முழு பிரேக்கில் முன் டயர் ஏறத்தாழ 2200 நியூட்டன் விசையோடு தரையைப் பற்றுகிறது. தரையிலிருந்து கோன் செட் (ஸ்டீயரிங் கழுத்தில் உள்ள பேரிங்குகள்) வரை உள்ள தூரம் சுமார் 70 சென்டிமீட்டர் என்றால், அந்த நெம்புகோல் நீளத்தில் 1500 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட முறுக்கம் ஏறுகிறது. மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் இடையே 20 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்பதால், பிரேக் விசையால் மட்டும் ஒவ்வொரு பேரிங்கின் மேலும் முக்கால் டன்னுக்கு மேல் சுமை விழுகிறது. வண்டியின் சட்டத்தில் கழுத்துப் பகுதி அவ்வளவு கனமாக இருப்பதன் காரணம் இதுதான். ஃபோர்க்கும் தலை குனிகிறது. முன்பக்கம் 50 மில்லிமீட்டர் அமுங்கிப் பின்பக்கம் 25 மில்லிமீட்டர் எழுந்தால், 1400 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியில் வண்டி 3 பாகை முன்னோக்கிச் சாய்கிறது. 24 பாகையாக இருந்த ஸ்டீயரிங் சாய்வு 21 ஆகிறது. 95 மில்லிமீட்டராக இருந்த டிரெயில், அதாவது திருப்பு அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், 78-க்கு இறங்குகிறது. வண்டியை நேராகப் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தூரம், பிரேக் பிடிக்கும் வேளையில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

ஆனாலும் ஃபோர்க்குக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. ஹேண்டில்பாரிலிருந்து சக்கர அச்சு வரை அதில் நடுவில் எந்த மூட்டும் கிடையாது. டயர் தரையில் லேசாக நழுவினாலும் அது உள்ளங்கைக்கு உடனே தெரிகிறது. மாற்று அமைப்புகளை ஒப்பிடும்போது நான் அடிப்படையாக வைத்துக்கொண்ட அளவுகோலும் இதுவே: கைக்கும் டயருக்கும் நடுவே எத்தனை மூட்டுகள் வருகின்றன, அந்த மூட்டுகள் தேய்ந்தால் என்ன ஆகும்?

மாற்றுகளில் மிகப் பழையதும் எளியதும் லிங்க் வகை. கீழே ஒரு சிறு கையில் சக்கரம் தொங்கும். அந்தக் கை முன்னோக்கி இருந்தால் லீடிங் லிங்க், பின்னோக்கி இருந்தால் டிரெயிலிங் லிங்க். நம் ஊரில் இவை இரண்டும் அந்நியமல்ல. பஜாஜ் சேட்டக் ஓட்டியவர்களுக்கு, முன் பிரேக்கை அழுத்தியதும் மூக்கு தரையை நோக்கிக் குத்தும் அனுபவம் நினைவிருக்கும்; அது வெஸ்பாவிலிருந்து வந்த டிரெயிலிங் லிங்க்கின் குணம். நீண்ட கை கொண்ட லீடிங் லிங்க்கை எர்னி எர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1950-களில் காப்புரிமை பெற்றுப் பரப்பினார். பிஎம்டபிள்யூ அதை 1955 முதல் 1969 வரை பயன்படுத்தியது. போலந்தின் எஸ்எச்எல் எம்11 வண்டியை அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 175-இன் முன்பக்கத்திலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்புதான் இருந்தது. பிரேக் தட்டு நேரடியாகக் கையிலேயே பூட்டப்பட்டிருந்தால் எர்ல்ஸ் வகையில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனியாமல் மேலெழும். பக்கவாட்டு விசைக்கு அசையாமல் நிற்பதால் சைட்கார் பூட்டும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. தனி வண்டிக்கு வைத்தால், திருப்பு அச்சைச் சுற்றி நிறைய இரும்பு சுழல வேண்டியிருப்பதால் ஸ்டீயரிங் கனத்துப்போகிறது. சைட்கார் கட்டுபவர் இத்துடன் நிறுத்திக்கொண்டு எர்ல்ஸ் அமைப்பையே கட்டலாம்.

பிஎம்டபிள்யூ 1993-இல் ஆர்1100ஆர்எஸ் வண்டியில் கொண்டுவந்த டெலிலீவர் ஒரு நடுவழி. வழுக்கும் குழாய்கள் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றுக்குள் ஸ்பிரிங்கும் இல்லை, தணிப்பும் இல்லை. எஞ்சினிலிருந்து முன்னோக்கி வரும் முக்கோணக் கை ஒன்று, குழாய்கள் இரண்டையும் இணைக்கும் கீழ்ப்பாலத்தை, எல்லாப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டான ஒரு பால் ஜாயிண்டில் பிடித்துக்கொள்கிறது. சுமையைத் தாங்கும் ஒற்றை ஷாக் அப்சார்பர் அந்தக் கையின் மேல் நிற்கிறது. தலை குனிவது பெருமளவு நின்றுவிடுகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களிடம் அது பெற்ற மதிப்பு உண்மையானது. தனியாகக் கட்டுபவருக்கு உள்ள தடை இட நெருக்கடிதான். குறுக்காகப் படுத்த பாக்ஸர் எஞ்சினின் மேல் அந்தக் கைக்கு இடம் கிடைக்கிறது. நண்பரின் எஞ்சினில் அதே இடத்தில் முன் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாய் இறங்குகிறது. ரேடியேட்டர் வந்தால் நெருக்கடி இன்னும் கூடும். 2015-இல் நீர்க்குளிர்வு எஞ்சினோடு வந்த ஆர்1200ஆர், ஆர்1200ஆர்எஸ் வண்டிகளுக்கு அந்த நிறுவனமே வழக்கமான ஃபோர்க்கைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. பழைய பாக்ஸர் வண்டியை அடிப்படையாக எடுப்பவருக்கு மட்டுமே டெலிலீவர் எளிய தேர்வு.

நண்பரின் மனம் சென்றது, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே திருப்பு அச்சு இருக்கும் ஹப் சென்டர் ஸ்டீயரிங்கை நோக்கி. அவரைக் குறை சொல்ல முடியாது. முன்னும் பின்னும் ஸ்விங் ஆர்ம் நீண்டு, கழுத்தே இல்லாமல் நிற்கும் அந்த வண்டியைப் பார்த்தால் பொறியாளர் எவருக்கும் ஆசை வரும். இதன் வரலாறும் நீண்டது. கார்ல் நெராக்கர் வடிவமைத்த நெர்-ஏ-கார் 1920-களிலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊரில் ஜாக் டிஃபாசியோ இதைச் செம்மைப்படுத்திப் பல வண்டிகளுக்குப் பூட்டிக் கொடுத்தார். பிரான்சின் எல்ஃப் நிறுவனம் ஆந்த்ரே த கோர்த்தான்ஸின் வடிவமைப்பில் தொடங்கி 1980-கள் முழுவதும் மாற்று முன்னமைப்புகளைப் பந்தயக் களத்தில் சோதித்தது. ரான் ஹாஸ்லம் அதன் வண்டிகளை 500 சிசி உலகக் கோப்பையில் ஓட்டினார். அந்த உழைப்பில் நிலைத்து நின்றது முன்பக்கம் அல்ல, பின்பக்கத்தின் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம். அது ஹோண்டாவின் வண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தாலியின் பிமோட்டா நிறுவனத்தில் பியர்லூயிஜி மார்கோனி தன் பட்ட ஆய்வேட்டிலிருந்து வளர்த்த வண்டிக்கு ஆய்வேடு என்று பொருள்படும் டெசி என்பதே பெயராயிற்று. டெசி 1டி 1990-களின் தொடக்கத்தில் டுகாட்டி எஞ்சினோடு விற்பனைக்கு வந்தது. அதே வழியில் விரஸ் நிறுவனம் தனி வண்டிகளைக் கட்டியது. கவாசாகியின் சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு டெசி எச்2 வந்தது.

இதன் நன்மைகள் உண்மையானவை. பிரேக் விசை கழுத்துக்கு ஏறாமல் சக்கர அச்சின் உயரத்திலேயே சட்டத்துக்குள் போகிறது. டிரெயில் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. வளைவின் நடுவில் பிரேக் பிடித்தாலும் வண்டி கலங்குவதில்லை. தலை எவ்வளவு குனிய வேண்டும் என்பதையும் பிரேக்கின் எதிர்விசைத் தண்டை எங்கே பூட்டுகிறோம் என்பதன் மூலம் நாமே முடிவு செய்யலாம்.

விலை ஸ்டீயரிங்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. திருப்பு அச்சு ஹப்பின் உள்ளே ஒளிந்திருப்பதால், ஹேண்டில்பாரின் அசைவு தண்டுகள், திருப்புக் கைகள், தண்டின் முனையில் பூட்டப்படும் ராட் எண்ட் என்ற பந்து மூட்டுகள் வழியாகச் சுற்றிச் சுற்றித்தான் சக்கரத்தை அடைய முடியும். டெசியின் தொடக்க முன்மாதிரிகளில் திருப்புதலை எண்ணெய் அழுத்தத்தால் கடத்திப் பார்த்து, விற்பனை வண்டியில் தண்டுகளுக்கே திரும்பினார்கள் என்பதிலிருந்தே இந்தச் சிக்கலின் ஆழம் புரியும். கணக்கைப் பாருங்கள். ஐந்து மூட்டுகள், ஒவ்வொன்றிலும் நூறில் ஐந்து மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் மொத்தம் கால் மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் நீளமுள்ள திருப்புக் கையில் அது கால் பாகைக்குச் சற்றுக் குறைவான கோணம். மையத்திலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கைப்பிடியின் முனையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வெற்று அசைவு. காரில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் நேர் ஓட்டத்தின் திருத்தங்கள் எல்லாம் இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் நடக்கின்றன.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தாமே கட்டிய ஹப் சென்டர் வண்டியைப் பரிசோதிக்க அழைத்திருந்தார். ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினோம். அவர் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொள்ள, நான் சக்கரத்தின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்து மெல்ல இடவலமாக அசைத்தேன். டக் என்று ஒரு சிறிய ஒலி வந்தது. ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனதில், தரைக்கு மிக அருகில், டயர் வாரியிறைக்கும் தண்ணீர் நேராகப் படும் இடத்தில் இருந்த ராட் எண்டில் அந்த அடி விரலுக்குத் தெரிந்தது. ரப்பர் உறை இல்லாத அந்த மூட்டு ஒரே மழைக்காலத்தில் துருவும் மணலும் கலந்து தேய்ந்திருந்தது. மற்ற மூட்டுகள் எல்லாம் புதிதுபோல இருந்தன. அந்த ஒரு மூட்டால் வண்டி வேகத்தில் லேசாக அலைகிறது என்று அவர் மாதக்கணக்கில் டயரையும் காற்றழுத்தத்தையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்.

இன்னும் மூன்று குறைகள். ஸ்விங் ஆர்மின் கைகள் சக்கரத்தின் இருபுறமும் நிற்பதால் சக்கரம் அதிகம் திரும்ப முடியாது. சந்தில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் பலமுறை தள்ள வேண்டும். கைகளை அகலமாக வளைத்தால் திருப்பம் கூடும், ஆனால் வளைவில் சாயும்போது கை தரையைத் தொடும். அடுத்தது, பக்கவாட்டில் ஓடும் திருப்புத் தண்டு ஸ்விங் ஆர்மோடு ஒரே வில்லில் மேலும் கீழும் போகாவிட்டால், சாலைக் குழியில் இறங்கும்போதெல்லாம் ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரம் தானாகத் திரும்பும். மூன்றாவது, ஹப்பின் உள்ளே திருப்பு அச்சை அடைக்க வேண்டியிருப்பதால் சக்கர பேரிங்கும் ஹப்பும் பெரியதாக, தனியாகக் கடைந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சக்கரம் எதுவும் உதவாது.

ஜேம்ஸ் பார்க்கரின் ராட் (RADD) என்ற அமைப்பு இந்தக் குறைகளில் சிலவற்றைக் களைந்தது. திருப்பு அச்சு ஹப்பிலிருந்து வெளியே வந்து, ஒற்றைப்பக்கக் கையின் மேல் நிற்கும் நெடுந்தூணில் அமைந்தது. யமஹா அதை 1993-இல் ஜிடிஎஸ் 1000 என்ற வண்டியில் விற்றது. நல்ல வண்டி, ஆனால் வாங்கியவர்கள் குறைவு. பழைய ஜிடிஎஸ் ஒன்றிலிருந்து முன்பக்கத்தை அப்படியே எடுத்துப் பூட்டலாம் என்று நினைப்பவர்கள், அதன் 130/60-17 என்ற வழக்கத்துக்கு மாறான முன் டயர் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டயர் கிடைக்காத வண்டி ஓடாத வண்டி.

என் தேர்வு நார்மன் ஹோசாக்கின் அமைப்பு. மெக்லாரன் கார் பந்தய நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஹோசாக். பந்தயக் காரின் இரட்டை விஷ்போனை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக விஷ்போன் எனப்படும் இரண்டு முக்கோணக் கைகள் சட்டத்திலிருந்து முன்னோக்கி நீள்கின்றன. அவற்றின் முனைகளில் இரண்டு பால் ஜாயிண்டுகள். அவை பிடித்திருக்கும் நெடுந்தூண் கீழே பிளந்து சக்கரத்தை ஏந்துகிறது. இரண்டு பால் ஜாயிண்டுகளையும் இணைக்கும் கோடுதான் திருப்பு அச்சு. ஹேண்டில்பாரிலிருந்து தூணுக்கு முழங்கைபோல மடியும் ஒரு கத்தரி இணைப்பு போகிறது; சக்கரம் மேலும் கீழும் போகும்போது அது மடிந்து விரிகிறது, திருப்பும்போது விறைப்பாக நிற்கிறது. அது வண்டியின் நடுக்கோட்டிலேயே இருப்பதால், குழியில் தானாகத் திரும்பும் தொல்லை இயல்பாகவே இல்லை. மூட்டுகளும் குறைவு, அவை இருக்கும் இடமும் டயர் வாரியிறைக்கும் சேற்றுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில்.

நியூசிலாந்தின் ஜான் பிரிட்டன் கிறைஸ்ட்சர்ச்சில் தன் சிறிய குழுவோடு கட்டிய வி1000 இந்த வழியின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். தனிச் சட்டமே இல்லாமல், எஞ்சினையே முதுகெலும்பாக வைத்து, கார்பன் இழைத் தூணையும் விஷ்போன்களையும் அதன்மேல் ஏற்றினார். மொத்தம் பத்து வண்டிகள்தான். 1995-இல் அவர் இறந்துவிட்டார். அந்த வண்டியின் முன்பக்கத்தைப் படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது. பெரிய நிறுவனங்கள் பிறகுதான் வந்தன: பிஎம்டபிள்யூ 2004-இல் கே1200எஸ் வண்டியில் இதே கொள்கையை டியோலீவர் என்ற பெயரில் கொண்டுவந்தது, 2018-இல் ஹோண்டா கோல்டு விங்கும் இரட்டை விஷ்போனுக்கு மாறியது. லட்சக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு வண்டியைத் தாங்க வேண்டிய நெடும்பயண வண்டிகளுக்கு இதைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தனியாகக் கட்டுபவருக்கு இதன் பெரிய வசதி, சந்தையில் கிடைக்கும் சக்கரம், அச்சு, டிஸ்க், கேலிப்பர் எல்லாவற்றையும் அப்படியே பயன்படுத்தலாம் என்பதுதான். விஷ்போன்களைக் குழாயில் வெல்டு செய்யலாம். பால் ஜாயிண்டுகளைக் கார் உதிரிபாகங்களில் தேடலாம். அவை ரப்பர் உறையோடும் கிரீஸோடும் வருபவை, தேய்ந்தால் மாற்றக் கூடியவை. கடினமான ஒரே வேலை தூண்தான். கீழ் விஷ்போனிலிருந்து சக்கர அச்சு வரை அது ஃபோர்க்கைப் போலவே வளைவிசையைச் சுமக்கிறது. அதன் வெல்டிங் பிளந்தால் ஓட்டுநர் பிழைப்பது அரிது, ஆகவே அதை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துச் செய்து, விரிசல் சோதனை முடித்தே பூட்ட வேண்டும். குறையும் உண்டு: டியோலீவர் ஓட்டிய சிலர் முன் டயரின் செய்தி கைக்கு மங்கலாக வருகிறது என்கிறார்கள். ஃபோர்க்கோடு ஒப்பிட்டால் அது சரியே. ஹப் சென்டரோடு ஒப்பிட்டால் இது தெளிவு.

விஷ்போன்களின் சாய்வை மாற்றி, பிரேக் பிடிக்கும்போது தலை குனிவதை முழுவதும் நிறுத்த முடியும். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. முழுவதும் நிறுத்தினால், பிரேக்கில் இருக்கும்போது சஸ்பென்ஷன் விறைத்துச் சிறு மேடுகளை வாங்க மறுக்கும். எவ்வளவு பிரேக் பிடித்திருக்கிறோம் என்பதை உடலுக்குச் சொல்லும் அந்தக் குனிவும் மறைந்துவிடும். பாதிக்குச் சற்று மேல் குறைத்து, மீதியை விட்டுவைப்பது போதும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் தனி ஒரு வண்டியைப் பரிசோதித்து ஒப்புதல் தரும் முறை உண்டு, அதனால்தான் அங்கே இத்தகைய வண்டிகள் பட்டறைகளிலிருந்து சாலைக்கு வருகின்றன. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதி செய்தது. முன்னமைப்பை முழுவதும் மாற்றிய வண்டியை இங்கே பொதுச் சாலையில் ஓட்ட நினைப்பவர் குழாயை வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்வர வேண்டும். பந்தயத் தடத்திலும் தனியார் நிலத்திலும் மட்டும் ஓட்டுவதாக முடிவு செய்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நண்பர் ஹப் சென்டரின் அழகை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தேய்ந்த ராட் எண்டை நான் அவர் உள்ளங்கையில் வைத்து அசைத்துக் காட்டிய பிறகு ஹோசாக் வழிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது இரும்பைத் தொடாமல், ஒட்டுப்பலகையில் முழு அளவு விஷ்போன்களை வெட்டி, போல்ட்டில் கோத்து, சுவரில் பூட்டியிருக்கிறோம். தூணுக்கு ஒரு மரச்சட்டம், சக்கரத்துக்கு ஒரு வட்ட அட்டை. சக்கரத்தை 120 மில்லிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் டிரெயிலைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருகிறோம். மேல் விஷ்போனின் பின் துளையை 8 மில்லிமீட்டர் உயர்த்தியதும் குறிகளின் வரிசை ஏறக்குறைய நேராயிற்று. ரேடியேட்டரோடு கீழ் விஷ்போன் இடிக்கிறதா என்பதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.